உயிர்மணல்: புதிய கடல்நீர்த் தொட்டிக்குத் தரை அமைத்தல்

உயிர்மணல் என்பது பாக்டீரியாக்களும் நுண்புழுக்களும் சிறு ஓட்டுயிர்களும் குடியேறிய சுண்ணாம்பு மணல். கடைகளில் லைவ் சாண்ட் என்று ஈரத்தோடு பையில் அடைத்து விற்பதும், பல மாதங்கள் ஓடிய தொட்டியின் தரையிலிருந்து அள்ளுவதும் இந்த ஒரே பெயரில் வழங்குகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. புதிய கடல்நீர்த் தொட்டியில் விடும் முதல் மீன் பிழைக்குமா என்பது பெரும்பாலும் இரண்டு காரியங்களைப் பொறுத்தது: மணலில் உண்மையிலேயே எவ்வளவு உயிர் இருக்கிறது, மணல் இட்ட பிறகு எத்தனை நாள் பொறுத்திருக்கிறார்கள்.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகியவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடல்நீரில் அந்த அலட்சியம் செல்லாது. பிஹெச் 7 உள்ள நன்னீரில் அமோனியாவின் மிகச் சிறு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நீர் சூடானால் இன்னும் கூடும். சென்னையின் தெற்குப் புறநகரில், தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை போன்ற இடத்தில், சித்திரை வெயிலில் தொட்டி வைப்பவர் இந்த இரண்டு சிக்கலையும் ஒருசேர எதிர்கொள்கிறார்.

இதற்கு மாற்று, அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இரு வகைப் பாக்டீரியாக்கள். இவை பெரும்பாலும் நீரில் மிதந்து வாழ்வதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பரப்பு வேண்டுமென்றால் மணலைப் போல் தாராளமாகத் தருவது வேறில்லை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரத்துக்கு மணல் இட்டால் அது ஏறத்தாழ 16 லிட்டர். துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உருண்டை என்று கொண்டால், எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் 50 சதுர மீட்டரைத் தாண்டும்: ஒரு சிறிய ஃப்ளாட்டின் தரை அளவு.

எந்த மணல்

கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்றது அரகோனைட் மணல். இது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளமும் சிப்பியும் தங்கள் ஓட்டைக் கட்டும் அதே பொருள். அரகோனைட் போட்டுவிட்டால் பிஹெச் தானாக நிலைத்து நிற்கும் என்று கடைகளில் சொல்வது மிகை. பிஹெச் 8-க்கு மேல் இருக்கும் நீரில் அது கரைவதே இல்லை. மணலுக்குள், கழிவு அழுகி பிஹெச் தாழும் இடங்களில் மட்டும் சிறிது கரையும். அதை விரும்பி வாங்குவதற்கு உண்மையான காரணம் வேறு: அது நீரில் தீங்கான எதையும் விடுவதில்லை, துகள் முனைகள் மழுங்கியிருப்பதால் மணலில் புரளும் மீனின் வயிற்றைக் கீறுவதில்லை, கடல் உயிர்கள் அதில் இயல்பாகக் குடியேறுகின்றன.

துகள் அளவு 1 முதல் 2 மி.மீ. வரை இருப்பது நல்லது. மாவு போன்ற மணல் அழகாக இருக்கும். ஆனால் பவர்ஹெட் என்னும் நீரோட்டப் பம்பைப் போட்டவுடன் எழும்பிப் பாறை மேலெல்லாம் படியும். 3 மி.மீ.க்கு மேற்பட்ட பருமணலின் இடுக்குகளில் தீனி விழுந்து அழுகும்.

இனி, உலர்ந்த மணலா ஈரப் பையா என்ற கேள்வி. வெளிநாட்டுக் கையேடுகள் ஈரப் பையைத்தான் சொல்லும். அங்கே அந்தப் பை குளிர்ந்த கிடங்கிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறது. இங்கே கப்பல், கிடங்கு, லாரி, கடையின் கண்ணாடி அலமாரி என்று பல வாரங்கள் வெப்பத்தைத் தாண்டி வருகிறது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் வித்தாக உறங்கிக் கிடக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. குளிர்ச்சியான இருட்டில் அவை நெடுநாள் தாங்கும்; 40 டிகிரி வெப்பத்தில் மூடிய பைக்குள் தாங்குவது அரிது. இறந்த உயிர்கள் அந்தப் பைக்குள்ளேயே அழுகி, பையே அமோனியாவின் ஊற்றாகிவிடவும் கூடும். ஆகவே தாம்பரம் வட்டாரத்துக்கு மிகச் சிக்கனமான, நம்பகமான வழி இதுதான்: உலர்ந்த அரகோனைட்டை வாங்கித் தரை போட்டு, நன்றாக ஓடும் தொட்டி ஒன்றிலிருந்து இரண்டு மூன்று டம்ளர் மணலை வாங்கி அதில் விதைப்பது. அந்தச் சிறு அளவு போதும். விலை அதிகமான இருபது கிலோ பையைவிட அதில் உயிர் கூடுதலாக இருக்கும்.

அப்படி மணல் தருபவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றியதுண்டா? வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து இடுவது வழக்கம். சுண்ணாம்பு மணல் அந்தச் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னர் சிறிது சிறிதாக விடும். நத்தை, இறால், பவளம் எல்லாவற்றுக்கும் அது நஞ்சு. ஆம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வேறு தொட்டியைத் தேட வேண்டியதுதான். அந்தத் தொட்டியின் கண்ணாடியிலும் பாறையிலும் பழுப்பு நிறக் குட்டிச் சாமந்திப் பூ போல ஐப்டேசியா என்னும் கடல் அனிமோன் ஒட்டியிருக்கிறதா, தட்டைப் புழுக்கள் ஊர்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. மணலோடு அவையும் வந்து சேரும்.

சென்னையில் அலங்கார மீன் வணிகத்தின் மையம் கொளத்தூர். அங்கே கடல்மீன் வைத்திருக்கும் கடைகளில் ஓடும் தொட்டி மணல் கேட்டால் கிடைக்கும். பீர்க்கன்கரணைக்கு அது சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலையும் சேர்த்தால் பயணம் எளிதில் இரண்டு மணி நேரத்தைத் தொடும். அதனால் வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். மேல் அடுக்கில் ஒன்றிரண்டு செ.மீ. மணலை மட்டும் அள்ள வேண்டும். அடியிலிருக்கும் கறுத்த மணல் வேண்டாம். வாயகன்ற டப்பாவில் பாதிக்குக் குறைவாக மணல், அது மூழ்கும் அளவுக்கு அதே தொட்டி நீர், மேலே காற்றுக்கு இடம், இவற்றை ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வந்த அன்றே இட்டுவிட வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தொட்டி வாங்குபவர்கள் அதோடு வரும் பழைய மணலையும் பயன்படுத்த நினைப்பார்கள். காய்ந்துபோன மணலில் உயிர் இல்லை, அதன் பழைய கதையும் தெரியாது. தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.

எதை அள்ளக்கூடாது

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது மணலுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. கோவளமும் நீலாங்கரையும் வண்டியில் போய்வரும் தூரம்தான். ஆனால் அந்த மணல் சுண்ணாம்பு மணல் அல்ல. சென்னைக் கடற்கரையின் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் தெரிவது இல்மனைட், மேக்னடைட், கார்னெட் போன்ற கன தாதுக்கள். ஒரு காந்தத்தை அந்த மணலில் இழுத்துப் பார்த்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக்குள் அதே துகள்கள் பவர்ஹெட்டின் காந்தச் சுழலியில் சிக்கி அதைத் தேய்க்கும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். இது தவிர, நகரின் சாக்கடை கலக்கும் கரையில் மணலோடு என்னென்ன வரும் என்பதற்கு எல்லை இல்லை.

சட்டமும் இடம் கொடுப்பதில்லை. 2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கடற்கரையில் மணல் அள்ளுவதைத் தடை செய்கின்றன. பவளத்தின் நிலை இன்னும் கடுமையானது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக் கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால் திட்டுகள் அழிந்த வரலாறு இருக்கிறது. எனவே ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது பவளத் துண்டையோ பவளம் கலந்த மணலையோ விற்றால் வாங்கக்கூடாது. ஒரு தொட்டியின் அழகுக்காக ஒரு பவளத்திட்டின் துண்டைப் பெயர்ப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஆற்று மணலும் எம்-சாண்டும் கட்டடத்துக்கு உரியவை. எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்துச் செய்வது. அந்தக் கருங்கல், பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் தெரியும் சார்னோக்கைட் போன்ற கடினப் பாறை. துகள் முனைகள் கத்திபோல் இருக்கும், தூளும் அதிகம்.

எவ்வளவு ஆழம்

1980-களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் ஜோபேர், மணல் படுகைக்கு அடியில் நீர் நிற்கும் ஓர் இடைவெளி விட்டு, ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் முறையை அறிமுகப்படுத்தினார். பிறகு 10 முதல் 15 செ.மீ. வரை ஆழமான மணல் படுகை உலகெங்கும் பரவியது. முறை பொய்யில்லை. ஆனால் அந்த ஆழத்தில் ஆக்சிஜனே இல்லாத இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். கிளறிவிட்டால் அது நீரில் கலந்து தொட்டியையே கொன்றுவிடும்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஆழ்படுகையைத் தவிர்ப்பதற்குத் தனிக் காரணம் மின்வெட்டு. 2015 டிசம்பர் மழையிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்தில் வெள்ளம் புகுந்த தெருக்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. நீரோட்டம் நின்றால் முதலில் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்ப்பது மணலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்தான். மணல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு விரைவு. எனவே 3 முதல் 4 செ.மீ. போதும். இந்த அளவு மணல் அமோனியாவைக் கவனித்துக்கொள்ளும். நைட்ரேட்டை நீர் மாற்றிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்க வேண்டிய எடையை இப்படிக் கணக்கிடலாம்: நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் கிலோ. 90 × 45 செ.மீ. தொட்டியில் 4 செ.மீ. என்றால் 16.2 லிட்டர், சுமார் 24 கிலோ.

பருவமும் நீரும்

தொடங்குவதற்கு உகந்த காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழையின் மின்தடைகள் ஓய்ந்திருக்கும். கத்திரி வெயிலுக்கு முன்னால் இரண்டு மூன்று மாத அவகாசம் இருக்கும். 26 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் அது 6-ஐ ஒட்டிக் குறையும். வெயில் காலத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் புதிய தொட்டியைத் தொடங்குவது மணலுக்கும் மீனுக்கும் செய்யும் கொடுமை.

புறநகர் வீடுகளில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் பெரும்பாலும் ஆதாரம். இரண்டிலும் கரைந்த உப்புகளும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருக்கும். தொட்டியில் அவை பழுப்புப் பாசிக்குத் தீனியாகும். வீட்டு ஆர்.ஓ. கருவி இவற்றைக் குறைக்கும். ஆனால் பல கருவிகள் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை மீண்டும் கலந்துவிடுகின்றன. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து, கூடியவரை சுழியத்துக்கு அருகில் இருக்கும் நீரையே எடுக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் கடலுப்புக் கலவை சேர்த்தால் உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு வரும். அதை ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபார்த்த பிறகே மணலைத் தொட வேண்டும். கடற்கரையிலிருந்து நீர் கொண்டுவருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மழைக்கால மாதங்களில் வங்கக் கடலின் மேல்நீரில் ஆற்று நீர் கலந்து, உப்புச்செறிவு 35-க்கு வெகுவாகக் கீழே இறங்கும்.

இடும் முறை

முதலில் பாறைகள். அவற்றை மணல் மேல் அல்ல, கண்ணாடித் தரையிலேயே நேரடியாக நிற்க வைக்க வேண்டும். மணல் மேல் வைத்தால், பின்னாளில் குழி தோண்டும் கோபி மீன் அடியைப் பறித்துப் பாறையைச் சாய்த்துவிடும். கண்ணாடி உடைவதும் உண்டு.

உலர்ந்த மணலை வாளியில் போட்டு, பால் போன்ற கலங்கல் தெளியும் வரை கழுவி, கடைசி முறை ஆர்.ஓ. நீரில் அலச வேண்டும். பிறகு வெறுந்தொட்டியில் பாறைகளைச் சுற்றிப் பரப்பி, ஒரு தட்டை வைத்து அதன் மேல் உப்புநீரை மெல்ல ஊற்றினால் கலங்கல் குறைவாக இருக்கும். தொட்டியில் ஏற்கெனவே நீர் இருந்தால், அகலமான பி.வி.சி. குழாயின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, அதன் வழியே மணலை இறக்கலாம். பவர்ஹெட்டையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் அப்போது நிறுத்தி வைத்து, சில மணி நேரம் கழித்து ஓடவிட வேண்டும். ஓரிரு நாள் கலங்கலாக இருப்பது இயல்பு; பதற வேண்டாம்.

உயிர்மணலைக் கழுவவே கூடாது. குழாய் நீர் பட்ட நொடியில் கடல் உயிர்களின் செல்களுக்குள் நீர் புகுந்து அவை இறந்துவிடும். நீர் தெளிந்து, உப்புச்செறிவு சரியாகி, வெப்பம் 25-26 டிகிரியில் நின்ற பிறகே அதை இட வேண்டும். ஈரப் பை வாங்கியிருந்தால் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும்: கடல் வாடை இருந்தால் நல்லது, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொட்டியில் போடவே கூடாது. பைக்குள் இருக்கும் நீரில் அமோனியாவைச் சோதித்து, அதிகமிருந்தால் அந்த நீரை வடித்துவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இரவல் மணலாக இருந்தால், டப்பாவைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்க வேண்டும். பின்பு ஒரு டம்ளரை மணலோடு தரை வரை இறக்கி, அங்கே கவிழ்க்க வேண்டும். நாலைந்து இடங்களில், நீரோட்டம் மிதமாக உள்ள பகுதிகளில், மேலாகக் கொட்டினால் போதும். புதைக்கவோ கலக்கவோ தேவையில்லை. உயிர்கள் தாமே பரவும்.

காத்திருப்பு

மணலில் வாழும் பாக்டீரியாவுக்குத் தீனி அமோனியாதான். மீன் இல்லாத தொட்டியில் அதை நாமே கொடுக்க வேண்டும். 150 லிட்டர் நீருக்கு ஆய்வகத் தரமுள்ள அமோனியம் குளோரைடு, அதாவது சுத்தமான நவச்சாரம், 1 கிராம் கரைத்து ஊற்றினால் அமோனியா சுமார் 2 பிபிஎம் ஆகும். மளிகைக் கடை நவச்சாரம் வேண்டாம். இறால் துண்டைப் போட்டு அழுகவிடும் பழைய முறையும் வேலை செய்யும். ஆனால் அளவு கைக்குள் நிற்காது, வீடு முழுக்க நாறும்.

அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இரட்டிப்பாவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். உணவைக் கெடுக்கும் சாதாரணப் பாக்டீரியா அரை மணியில் இரட்டிப்பாவதோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் புரியும். வெறும் உலர் மணலில் இந்தச் சுழற்சி முடிய நாலிலிருந்து ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஓடும் தொட்டி மணலை விதைத்தால் காலம் குறையும், இல்லாமல் போகாது. உயிர்மணல் போட்ட அன்றே மீன் விடலாம் என்று சொல்லும் கடைக்காரரின் வாக்கை நம்பிச் செத்த மீன்களுக்குக் கணக்கில்லை.

முடிந்துவிட்டதா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. டெஸ்ட் கிட்தான் சொல்ல வேண்டும். ஒரு கிராம் அளவை மீண்டும் ஊற்றி, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் மணல் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மணல் மேல் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் தானே மறையும். அதைப் பார்த்து மணலை வெளியே எடுத்துக் கழுவுபவர்கள், சில வாரங்களாக வளர்த்த உயிரை ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். இந்த வாரங்களில் விளக்கை அணைத்தே வைத்திருப்பது நல்லது.

முதல் குடிகளாகச் சில நசேரியஸ் நத்தைகள் ஏற்றவை. அவை மணலுக்குள் நுழைந்து வெளிவந்து அதை இறுகவிடாமல் வைக்கும். மணல் சலிக்கும் நட்சத்திர மீனும் கோபியும் மணலின் சிற்றுயிர்களையே தின்று தீர்ப்பவை. தொட்டிக்கு ஓராண்டு ஆகும் வரை தள்ளிப்போட வேண்டும். வெளிநாட்டு நூல்கள் மணலைத் தூய்மையாக்கக் கடல் அட்டையைப் பரிந்துரைக்கும். இந்தியாவில் கடல் அட்டை முழுதும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், வைத்திருப்பதே குற்றம். முதல் மீனாகத் தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இணையை விடலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இவற்றின் குஞ்சுப் பெருக்கத்தைச் செய்து காட்டியிருப்பதால், கடலில் பிடித்த மீனைத் தேட வேண்டியதில்லை.

மின்சாரம் போகும் நாட்களுக்கு, வீட்டு இன்வர்ட்டரில் ஒரு பவர்ஹெட்டை மட்டும் இணைத்து வைக்க வேண்டும். விளக்கும் ஸ்கிம்மரும் காத்திருக்கலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. நெடுநேரம் நீரோட்டம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் மணலைக் கிளறக்கூடாது. அமோனியாவைச் சோதித்த பின்பே தீனி போட வேண்டும்.

மணலின் சிற்றுயிர் வகைகள் காலப்போக்கில் குறையும். ஆண்டுக்கு ஒரு முறை வேறொரு நல்ல தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணல் சேர்த்தால் அவை புதுப்பிக்கப்படும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து இரண்டு டம்ளர் அள்ளிக் கொடுப்பதால் அந்தத் தொட்டிக்குக் குறை எதுவும் வராது. புதிதாகத் தொடங்கும் அக்கம்பக்கத்தவர் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.